காரைக்கால்: அரசு வீட்டுத் திட்டங்களும் சுற்றுச்சூழல், எரிசக்தி விதிகளும்

காரைக்காலில் அரசுப் பணத்தில் வீடு கட்டும்போது நிலம், நீர், கடற்கரை, மின்சாரம், சமையல் எரிபொருள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும்படி வந்த விதிகள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல. கடற்கரை விதி 1991இலும் கட்டடப் பரப்பை அளவுகோலாகக் கொண்ட விதி 2006இலும் வந்தன. எரிசக்தி விதி இன்னும் பின்னால், வேறொரு அமைச்சகத்திலிருந்து வந்தது. அரசு தரும் சிறிய வீடு இந்த மூன்றுக்கும் இடையே பெரும்பாலும் தப்பிவிடுகிறது என்பதே இந்த வரலாற்றில் முதலில் கவனிக்க வேண்டியது.

காரைக்கால் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரிக் கடைமடைப் பகுதி. அரசலாறு, நண்டலாறு, திருமலைராஜன் ஆறு போன்ற கிளைகள் இங்கேதான் கடல் சேர்கின்றன. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இந்த ஊர் 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது. கடலை ஒட்டாத பக்கங்களெல்லாம் தமிழ்நாடு. ஆனாலும் வீட்டுத் திட்டமும் கட்டட விதியும் புதுச்சேரியிலிருந்தே வருகின்றன. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே அதே வெயிலுக்கும் அதே உப்புக்காற்றுக்கும் வேறு அரசின் வீடு.

அரசு வீட்டோடு எரிசக்தி முதன்முதலில் சேர்ந்தது சுவரிலோ கூரையிலோ அன்று, அடுப்பங்கரையில். 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், வீட்டோடு கழிப்பறையும் புகையில்லா அடுப்பும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. விறகுப் புகையில் பெண்கள் மூச்சு முட்டுவதைக் குறைக்கவும் விறகை மிச்சப்படுத்தவும் 1983இல் நடுவண் அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் தொடர்ச்சி அது. மின்சாரம் கீற்றுக் குடிசைக்கு ஒற்றை விளக்காகத்தான் வந்தது. ‘ஒரு குடிசை ஒரு விளக்கு’ என்ற இணைப்பு வகை புதுச்சேரி மின்துறையின் கட்டணப் பட்டியலில் நெடுங்காலம் தனி வரிசையாகவே இருந்தது.

சுற்றுச்சூழல் ஆய்வின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1இல் கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசின் பணம் ஒரு வீட்டுத் திட்டத்தில் கலந்தாலே ஆய்வு செய்யும் கடமை எழுந்துவிடும். இந்தியா வேறு வழியில் போனது. 1994 ஜனவரி 27இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதலில் வீடுகளைத் தொடவே இல்லை. 2004 ஜூலையில் வந்த திருத்தமே பெரிய கட்டுமானங்களையும் நகரியங்களையும் சேர்த்தது. 2006 செப்டம்பர் 14இல் வந்த புதிய அறிவிக்கை 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பை எல்லையாக வைத்தது. பணம் யாருடையது என்பது இங்கே கேள்வியே அல்ல; பரப்பு எவ்வளவு என்பதே கேள்வி. 300 சதுர அடி வீடு என்றால் ஒரே வளாகத்தில் ஏறத்தாழ 700 வீடு எழும்போதுதான் அந்த எல்லை தொடப்படும். ஊர் ஊராக, மனை மனையாகக் கட்டும் திட்டம் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டினாலும் எந்த மதிப்பீட்டுக் குழுவின் மேசைக்கும் வராது.

கடற்கரைக்கு மட்டும் வேறு கோடு இருந்தது. 1991 பிப்ரவரி 19இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு வைத்தது. ஊர்ப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானம் கூடாது என்றது. வழிவழியாகக் குடியிருக்கும் மீனவர்களுக்கு அதற்கு அப்பால் வீடு கட்ட இடம் விடப்பட்டது. ஆனால் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களில் படகும் வலையும் இருக்கும் இடத்தருகேதான் வீடு இருந்தாக வேண்டும். மீனவரின் பிழைப்பு அப்படி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இதையெல்லாம் ஒரே காலையில் புரட்டிப்போட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் உயிரிழப்பில் பெரும்பங்கு காரைக்கால் மீனவக் கிராமங்களுடையது. தொடர்ந்து வந்த மறுகட்டுமானத்தில் அரசு நிலம் தந்தது; தொண்டு நிறுவனங்கள் கணிசமான வீடுகளைக் கட்டின. உலக வங்கி 2005 மே மாதம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக 46.5 கோடி டாலர் அவசரக் கடன் ஒப்புதல் தந்தது. அந்தக் கடனோடு சுற்றுச்சூழல், சமூக மேலாண்மைச் சட்டகம் ஒன்றும் வந்தது. மனையைத் தெரிவு செய்யும்போதே கடலோர எல்லை, வெள்ளம் தேங்கும் தாழ்வு, வடிகால், குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியதாயிற்று. காரைக்காலில் பணத்தின் மூலமே ஆய்வைக் கட்டாயமாக்கிய அபூர்வமான தருணம் அது. கடன் கொடுத்தவர் கேட்டதால் நடந்ததே ஒழிய, உள்நாட்டுச் சட்டம் கேட்டதால் அன்று.

அந்த ஆய்வு எட்டவேயில்லாத இடம் கூரை. அண்டையில் தமிழ்நாடு 2005 மார்ச் 30 ஆணையில், 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் பழைய மனையை விட்டுக்கொடுத்தால் அப்பால் புது வீடு என்றது. இந்தக் கரை நெடுகப் புது வீடு என்றால் கான்கிரீட் தட்டைக் கூரைதான் என்று ஆகிப்போயிற்று. புயலுக்கும் தீக்கும் கீற்றுக் கூரை தாங்காது. கல்வீடு கேட்ட மக்களின் விருப்பம் நியாயமானது. ஆனால் கூடவே போனவையும் உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஆய்வு செய்த சமூக மானிடவியலாளர் ஜெனிஃபர் டுயின் பாரன்ஸ்டீன், ஒப்பந்ததாரருக்குச் சமதளம் வேண்டுமென்று நல்ல நிலையில் இருந்த பழைய வீடுகளும் நிழல்மரங்களும் அழிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். மரமில்லாத வரிசையில் நான்கைந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் வீட்டுக்குள் விடும். தென்னை நிழலும் திண்ணையும் செலவில்லாமல் செய்ததை இப்போது மின்விசிறி செய்கிறது, மாதாமாதம் மின்கட்டணத்தோடு.

மின்சாரத்தில் காரைக்காலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000 ஜனவரி முதல் இயங்குகிறது. நரிமணம் பகுதி எரிவாயுவே அதன் எரிபொருள். 2014இல் நடுவண் அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் வீடுகளுக்கு எல்இடி பல்பு வழங்கும் திட்டத்தைப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில்தான் தொடங்கிப் பார்த்தது. அதன் பிறகே 2015இல் நாடெங்கும் அது விரிந்தது.

வீட்டின் சுவருக்கும் கூரைக்குமான விதி 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரைக்கு அது சொல்வது இந்த மண்ணுக்குப் பொருத்தமானதே. தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய சன்னலும் கதவுமாக இருக்க வேண்டும். கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது 3 வாட்டுக்கும் மேல். சிக்கல் எல்லையில் இருக்கிறது: 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளுக்கே இந்த விதி. 2022 திருத்தச் சட்டம் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை வீடுகளுக்கு நீட்டியபோதும் 100 கிலோவாட் இணைப்புச் சுமை என்ற அளவே வைக்கப்பட்டது. புதுச்சேரி அரசின் பெருந்தலைவர் காமராசர் கல்வீடு கட்டும் திட்டத்திலோ, 2015இல் தொடங்கிய பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்திலோ எழும் 30 சதுர மீட்டர் வீடு இதன் பக்கத்தில்கூட வராது. ஏசி போட்ட அடுக்ககத்துக்கு விதி உண்டு. வெயிலை நேராகத் தாங்கும் தனி வீட்டுக்கு இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் 2011இல் தமிழ்நாடு எடுத்த வழி ஒப்பிடத் தக்கது. முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கி, அதில் 30,000 ரூபாயைச் சூரிய ஒளி விளக்குகளுக்கென்றே வைத்தது. மழைநீர்ச் சேகரிப்பும் வடிவமைப்பில் இருந்தது. கூரையின் சூட்டை அதுவும் தொடவில்லை. ஆனால் எரிசக்தியை மானியத்தின் கணக்கிலேயே எழுதியது முக்கியம்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் கூரைத் தகடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மீதத்தை வீட்டுக்காரர் போட வேண்டும். கடனில் சுவரெழுப்பிய குடும்பத்துக்கு அது எளிதில் வராது. கடலோர விதியும் இடையே தளர்ந்திருக்கிறது. 2011 அறிவிக்கை மீனவர் வீடுகளுக்கு 100 மீட்டர் வரை வழிவிட்டது; 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்ப்புறக் கரையில் தடைப்பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. ஆழிப்பேரலைக்குப் பின் உள்ளே போனவர்களின் பழைய கரை சட்டப்படி மீண்டும் திறக்க வழி பிறந்திருக்கிறது.

ஆய்வுக்கு இடமே இல்லை என்பதும் சரியன்று. வீட்டு மானியம் மொத்தமாகத் தரப்படுவதில்லை. அடித்தளம், லின்டல், கூரை என ஒவ்வொரு நிலையையும் பொறியாளர் நேரில் பார்த்த பிறகே தவணை வருகிறது. கூரைத் தவணையோடு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் செலவையும் சேர்த்துக் கொடுத்து, அதையும் அதே பொறியாளர் பார்க்கும்படி செய்தால் போதும். அதற்குத் தனி அனுமதிக் குழு வேண்டாம். திட்டத்தின் மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் நடக்கும்.