மூணு சீட்டா, ரெண்டு சீட்டா? சோயுஸ் 11 சொல்லிக்கொடுத்த பாடம்

1/
கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. விண்வெளிக் கதை மாதிரிதான் ஆரம்பிக்கும். ஆனா இது எங்க வார்டுலயும் உங்க வீட்டு வாசல்லயும் தினமும் நடக்குற கதை.

2/
1971 ஜூன் 30, அதிகாலை. கஜகஸ்தான் புல்வெளியில் ஒரு சோவியத் விண்கலம் வந்து இறங்குகிறது. பாராசூட் சரியாக விரிந்தது. தரையைத் தொடும் நொடியில் எரிய வேண்டிய ராக்கெட்டுகளும் எரிந்தன. வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

மீட்புக் குழு ஓடிப்போய் கலத்தின் பக்கவாட்டில் தட்டுகிறார்கள். உள்ளே இருந்து பதில் இல்லை.

3/
கதவைத் திறந்தார்கள். மூன்று பேரும் அவரவர் இருக்கையிலேயே அசைவில்லாமல் இருந்தார்கள். முகத்தில் கருநீலத் திட்டுகள். மூக்கிலும் காதிலும் ரத்தம் வழிந்த தடம். தலைவரின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. வெளியே தூக்கிப் படுக்க வைத்து செயற்கை சுவாசம் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை.

கியோர்கி தொப்ரவோல்ஸ்கி, வயது 43. விளாதிஸ்லாவ் வோல்கோவ், 35. விக்தர் பட்சாயெவ், 38.

பூமிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலே, விண்வெளியிலேயே உயிர்விட்ட மனிதர்கள் இன்றுவரை இந்த மூன்று பேர் மட்டும்தான்.

4/
இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1-ல் தங்கிய முதல் மனிதர்கள். ஜூன் 6 கிளம்பி, ஜூன் 7 நிலையத்தோடு இணைந்து, மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார்கள். மொத்தப் பயணம் கிட்டத்தட்ட 24 நாள். அந்தக் காலத்தில் அது உலக சாதனை. பட்சாயெவ் தன் 38வது பிறந்தநாளை அங்கேதான் கொண்டாடினார். சோவியத் மக்கள் டிவியில் பார்த்துப் பார்த்து, மூவரும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகியிருந்தார்கள்.

5/
இதில் இன்னொரு விஷயம் இருக்கு. இந்தப் பயணம் இவர்களுடையதே இல்லை.

போக வேண்டியவர்கள் வேறு மூன்று பேர்: 1965ல் முதன்முதலில் விண்வெளியில் நடந்த லியோனவ், அவருடன் குபாசவ், கொலோதின். ஏவுதலுக்கு மூன்று நாள் முன்பு நடந்த பரிசோதனையில் குபாசவின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோயாக இருக்குமோ என்று சந்தேகம். ஒருவர் விழுந்தால் குழுவையே மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்று அணி ஏறியது.

பிறகுதான் தெரிந்தது, அது காசநோய் இல்லை, ஒவ்வாமை என்று.

6/
ஒரு டாக்டரா இந்த இடத்துல எனக்கு நெஞ்சு கனக்குது. அந்த எக்ஸ்ரேயைப் படிச்ச மருத்துவர் அப்புறம் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார்?

ஆனா அவர் செஞ்சது தப்பில்ல. கையில் இருந்த தகவலை வெச்சு எடுத்த சரியான முடிவு. முடிவு சரியா தப்பான்னு விளைவை வெச்சு மட்டும் பார்க்கக் கூடாது. தப்பு வேற இடத்துல இருந்துச்சு. அது எந்த எக்ஸ்ரேலயும் விழல.

7/
திரும்பும் நாள். நிலையத்தை விட்டுப் பிரியும் முன், கதவு சரியாக மூடவில்லை என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உள்ளே பதற்றம். திரும்பத் திரும்பத் திறந்து மூடினார்கள். கடைசியில் கோளாறு உணரியில்தான் என்று முடிவு செய்து, அதன்மேல் ஒரு டேப் துண்டை ஒட்டி, விளக்கு அணைந்த பிறகு காற்றழுத்தத்தையும் சோதித்தார்கள். கதவு உண்மையிலேயே நன்றாகத்தான் மூடியிருந்தது.

எச்சரிக்கை அடித்த இடத்தில் ஆபத்து இல்லை. ஆபத்து இருந்த இடம் கடைசி வரை வாயே திறக்கவில்லை.

8/
சோயுஸ் கலத்தில் மூன்று பகுதிகள். பூமிக்கு இறங்கும்போது நடுவில் உள்ள பகுதி மட்டும் தனியாகப் பிரிந்து வரும். பிரிப்பதற்கு வெடி போல்ட்டுகள். அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டும். அன்றைக்கு ஒரே நேரத்தில் வெடித்தன.

அந்த அதிர்ச்சியில் ஒரு காற்று வால்வு திறந்துகொண்டது. தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே, வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காக வைத்த வால்வு அது. திறந்துகொண்டதோ 168 கிலோமீட்டர் உயரத்தில்.

9/
இனி கொஞ்சம் உடலியல்.

சினிமாவில் காட்டுவது போல மனிதன் வெடித்துச் சிதற மாட்டான். வெற்றிடத்தில் நுரையீரல் தலைகீழாக வேலை செய்யும். ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் வெளியே போகும். அந்த ரத்தம் மூளையை அடையச் சுமார் பத்துப் பதினைந்து வினாடி. அதோடு நினைவு போய்விடும்.

இன்னொரு பக்கம், ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவரும். கோலி சோடாவை உடைச்சதும் பொங்குமே, அந்த மாதிரி. சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே போனால் 37 டிகிரி உடம்புச் சூட்டிலேயே நீர் கொதிக்கும்.

10/
உள்ளே என்ன நடந்தது என்பதைப் பதிவுக் கருவியும் கலம் கிடந்த நிலையும் சொல்கின்றன. ரேடியோக்கள் அணைக்கப்பட்டிருந்தன. காற்று கசியும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்க அணைத்திருக்கலாம். தோள் பட்டைகள் அவிழ்க்கப்பட்டிருந்தன.

வால்வு இருக்கைக்குக் கீழ்ப்பக்கம். கையால் முழுதாக மூட ஒரு நிமிடம் போல ஆகும். அவர்களிடம் அந்த ஒரு நிமிடம் இல்லை. பாதி மூடிய நிலையில் அது கிடைத்தது. காற்றழுத்தம் விழத் தொடங்கி 40 வினாடிக்குள் இதயம் நின்றதைக் கருவி பதிவு செய்திருக்கிறது.

கலம் தானாகவே பாராசூட் விரித்து, அழகாகத் தரை இறங்கியது.

11/
"அழுத்தம் போனா அவ்ளோதானா டாக்டர்?"ன்னு கேட்பீங்க.

1966ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், வெற்றிட அறைக்குள் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார் ஜிம் லெப்லாங்க். உடைக்குக் காற்று தரும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 வினாடியில் மயங்கி விழுந்தார். நாக்கில் உமிழ்நீர் கொதித்து நுரைத்ததுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. வெளியே இருந்தவர்கள் உடனே அறைக்குள் காற்றை நிரப்பினார்கள். பிழைத்தார்.

அழுத்தம் சீக்கிரம் திரும்பினால் உயிர் திரும்பும். சோயுஸ் 11-ல் இருந்தவர்களுக்கு அழுத்தத்தைத் திருப்பித் தர யாருமில்லை. அந்த வேலையைச் செய்திருக்கக்கூடிய ஒரே பொருள் அழுத்த உடை. மூவரும் அதைப் போட்டிருக்கவில்லை. போட மறக்கவில்லை. கலத்திலேயே அதற்கு இடம் கிடையாது.

12/
ஏன் இல்லை?

1961ல் ககாரின் அழுத்த உடையோடுதான் போனார். அமெரிக்கா இரண்டு பேர் போகும் கலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, அவர்களை முந்த வேண்டும் என்று 1964 அக்டோபரில் வோஸ்ஹோத் 1 கிளம்பியது. ஒருவருக்காகக் கட்டிய கலத்தை மாற்றி, அதில் மூன்று பேரை உட்கார வைத்தார்கள். உடையோடு மூன்று பேர் உட்கார இடமில்லை. சரி, உடையை எடுத்துவிடு!

அந்த மூவரில் ஒருவர் பரீஸ் யெகோரவ். விண்வெளிக்குப் போன முதல் மருத்துவர். எங்க ஆளு, அழுத்த உடை இல்லாமல் போனார்.

13/
போனார்கள், ஒரு நாளில் பத்திரமாகத் திரும்பினார்கள். அங்கேதான் வினை. "உடை இல்லாமலே போய் வந்தாச்சே" என்பது பழக்கமாகிவிட்டது.

சோயுஸ் கலத்தையும் அப்படியே வடிவமைத்தார்கள். 1967 ஏப்ரலில் சோயுஸ் 1-ல் பாராசூட் சரியாக விரியாமல் விளாதிமிர் கோமரவ் இறந்தார். கலத்தின் குறைகளைச் சரிசெய்யப் பதினெட்டு மாதம் ஆனது. ஆனால் கேபினில் காற்று போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்போதும் விடை இல்லை. அதுவரை காற்று போனதில்லை. அதனால் போகாது!

14/
எனக்கு இது புதுசு இல்ல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, மூச்சுத் திணறலோட இருந்த ஒரு தாத்தாவை ஆம்புலன்ஸ்ல வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்பேர் ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டேன். "உறவுக்காரங்க ரெண்டு பேர் ஏறணும் சார், இடமில்ல. ஒரு சிலிண்டரே போதும், எப்பவும் இப்படித்தான்"னு பதில் வந்துச்சு. நானும் ஏறிட்டேன்.

பாதி வழியில ரயில்வே கேட். முள் சிவப்புக்கு வந்துடுச்சு. மீதி தூரம் பூரா ஆம்பூ பையைக் கையால அமுக்கிட்டே போனேன். தாத்தா பிழைச்சுட்டார். அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது அதிர்ஷ்டம், என் படிப்பு இல்ல.

"இடமில்ல", "எப்பவும் இப்படித்தான்". இந்த ரெண்டும் சேர்ந்தா ஆளைக் கொல்லும்.

15/
மூவரின் மரணச் செய்தி வந்ததும் உலகத்தில் பலரும் சந்தேகப்பட்டது வேறொன்றை. 24 நாள் எடையில்லாமல் மிதந்ததால் இதயம் பலவீனமாகி, பூமியின் ஈர்ப்பைத் தாங்காமல் நின்றுவிட்டதோ? அது உண்மையானால் மனிதன் நீண்ட நாள் விண்வெளியில் வாழவே முடியாது. 28 நாள் ஆள்களைத் தங்க வைக்க அமெரிக்கா ஸ்கைலாபைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம் அது.

பிரேதப் பரிசோதனை பதில் சொன்னது. மூளையில் ரத்தக்கசிவு, நுரையீரலில் ரத்தக்கசிவு, ரத்தத்தில் நைட்ரஜன். காரணம் காற்றழுத்த இழப்பு.

இறந்த உடலைச் சோதிக்க வேண்டாம் என்று உறவினர்கள் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன், அந்த வலி புரியும். ஆனால் அந்தப் பரிசோதனை நடக்காமல் போயிருந்தால், பழி எடையின்மை மேல் விழுந்திருக்கும். வால்வு தப்பித்திருக்கும்.

16/
அப்புறம் என்ன செஞ்சாங்க? வால்வை மாற்றியமைத்தார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "இந்த வால்வு இனி திறக்காது" என்பது ஒரு பதில். "எது திறந்தாலும் உள்ளே இருப்பவர் சாகக் கூடாது" என்பது வேறு பதில்.

சோகோல் என்ற அழுத்த உடை வந்தது. ரஷ்ய மொழியில் வல்லூறு என்று பொருள். ஏறும்போது, இணையும்போது, பிரியும்போது, இறங்கும்போது கட்டாயம் போட வேண்டும். அந்த உடைக்கும் அதற்குத் தனியாகக் காற்று தரும் கருவிகளுக்கும் இடம் வேண்டுமே? மூன்று இருக்கையை இரண்டாக்கினார்கள்.

ஒரு சீட்டை விட்டுக் கொடுத்தார்கள். இந்த இழையில் ஒரே ஒரு வரி ஞாபகம் இருக்கணும்னா, இது இருக்கட்டும்.

17/
இரண்டு வருடத்துக்கு மேல் மனிதர் யாரும் சோயுஸில் பறக்கவில்லை. 1973 செப்டம்பரில் சோயுஸ் 12 கிளம்பியது. இரண்டே பேர், சோகோல் உடையில். தலைவர் வசீலி லாசரெவ். அவர் விமானி, கூடவே மருத்துவர்! உடை இல்லாமல் பறந்த முதல் அணியிலும் ஒரு டாக்டர், உடை திரும்பி வந்த முதல் அணியிலும் ஒரு டாக்டர்.

மூன்றாவது இருக்கை திரும்பி வந்தது 1980ல்தான். கலத்தைப் புதிதாக வடிவமைத்து, மூன்று பேரும் உடையோடு உட்கார முடியும் என்று ஆன பிறகு.

18/
1984 ஏப்ரலில் நம்ம ராகேஷ் சர்மா சோயுஸில் போனப்ப போட்டிருந்ததும் சோகோல் உடைதான். அந்தப் படத்தை இனிமே பார்க்கும்போது இந்த மூணு பேரையும் நினைச்சுக்கோங்க.

சோயுஸ் 11-க்குப் பிறகு இத்தனை வருடத்தில் சோயுஸ் பயணம் எதிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ராக்கெட் தீப்பிடித்திருக்கிறது, பாதி வழியில் பழுதாகியிருக்கிறது. ஆட்கள் பிழைத்து வந்திருக்கிறார்கள்.

19/
அந்த மூவரின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க விண்வெளி வீரர் டாம் ஸ்டாஃபோர்ட். 1975ல் அப்பல்லோவும் சோயுஸும் விண்வெளியில் இணைந்தபோது, கதவைத் திறந்து கைகுலுக்கியது அதே ஸ்டாஃபோர்ட். எதிரே இருந்தவர் லியோனவ். அவர் பக்கத்தில் குபாசவ். ஆமாம், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த அதே குபாசவ்.

20/
பாடம் ஒரு நாட்டோடு நிற்பதில்லை, ஆனால் கற்றுக்கொள்ள ஒவ்வொரு நாடும் தனித்தனியாக விலை கொடுக்கிறது. அமெரிக்க ஷட்டில்களும் முதல் சில சோதனைப் பயணங்களுக்குப் பிறகு அழுத்த உடையைக் கைவிட்டன. 1986ல் சேலஞ்சர் விபத்தில் ஏழு பேர் இறந்த பிறகுதான் அழுத்த உடை திரும்பி வந்தது.

21/
கடைசியா ஒண்ணு. நாளைக்குக் காலைல வாசல்ல ஸ்கூல் ஆட்டோ வந்து நிக்கும். ஏற்கெனவே எட்டுக் குழந்தைங்க இருக்கும். டிரைவர் அண்ணன், "இன்னொண்ணு உக்காரலாம் சார், இத்தனை வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆனதில்ல"ன்னு சொல்வார். அவர் பொய் சொல்லல. நிஜமாவே ஒண்ணும் ஆனதில்ல.

1971 ஜூன் 29 வரைக்கும் சோயுஸ்லயும் காற்று போனதில்ல.

ஒரு சீட்டை விட்டுக் கொடுங்க.