சிக்கனம் யாருக்குச் சொன்னது?

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அம்மா பத்துப் பாத்திரம் தேய்த்தாள். மாசம் பிறந்து சம்பளத்தைக் கையில் வைக்கும்போதெல்லாம் அந்த வீட்டு மாமி ஒன்று சொல்வார்: "கொஞ்சமாவது சேத்து வையேன்டி. உங்க மனுஷாளுக்குக் கையில காசே நிக்கறதில்ல." அம்மா தலையாட்டிவிட்டு வருவாள். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் கேட்பாள்: "நிக்கறதுக்கு அதுக்கு எங்கடா எடம் கீது?"

அம்மாவின் கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்று நமக்கு ஓயாமல் சொல்கிறார்கள். சொன்னவர்கள் எங்கே சேர்த்தார்கள்? சேர்த்தது தொலைந்தபோது என்ன செய்தார்கள்?

1872இல் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் தொடங்கப்பட்டது. 'நிதி' என்று சொல்லப்படும் இந்த அமைப்புகளில் உறுப்பினர்களே பணம் போடுவார்கள், உறுப்பினர்களே கடன் வாங்குவார்கள். கடனுக்கு நகையோ வீடோ ஈடு காட்ட வேண்டும். இருக்கிறவன் இன்னும் சேர்க்க இது நல்ல வழி. சேரிக்காரனிடம் ஈடு வைக்க என்ன இருந்தது? உடம்பைத் தவிர ஒன்றுமில்லை.

1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. வங்கித் தொழிலும் செய்துவந்த, சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி அது. ஆயிரக்கணக்கானோர் போட்ட பணம் போயிற்று. முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். பணத்தைப் பறிகொடுத்த வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் பார்த்து, 'உங்களுக்குக் காசை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று யாராவது புத்தி சொன்னார்களா? மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது புத்திமதி அல்ல, ஒரு வங்கி.

அதே 1907 ஜூனில், பக்கத்து இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். விலையே பெயராக இருந்தது. ஒரே வருஷம், அடுத்தடுத்த பேட்டைகள். ஒரு பக்கம் லட்சங்களைக் காக்க வங்கி, இன்னொரு பக்கம் ஒரு பைசாவுக்கு ஒரு பத்திரிகை. நம் சனங்களின் கையில் மிஞ்சக்கூடியது எவ்வளவு என்று பண்டிதருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் பெரியம்மா மாடவீதியில் பூக்கூடை வைத்திருந்தாள். தண்டல்காரனிடம் ஆயிரம் ரூபாய் கேட்டால் நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கொடுப்பான். நாளைக்குப் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை என்றாலும் கட்ட வேண்டும், காய்ச்சல் என்றாலும் கட்ட வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வருஷத்துக்கு மூன்று சுற்றுக்கு மேல் வரும். முன்னூறு ரூபாய்க்கு மேல் அவனுக்கே போகும். நூறு நாள், ஒரு நாள் தவறாமல் பத்து ரூபாய் எடுத்து வைக்கிறவளுக்கா சேமிக்கத் தெரியாது? அவள் சேமித்துக்கொண்டுதான் இருந்தாள், அடுத்தவன் பெட்டியில்.

2003இல் தமிழக அரசு கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடைசெய்து சட்டம் போட்டது. விடியற்காலையில் கூடைக்கு முதல் யார் தருவது என்ற கேள்வி அப்படியே நின்றது. ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. கூடைக்காரப் பெண்களுக்கு அது முதலில் சிறு கடன் வாங்கித் தந்தது, பிறகு அவர்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்தது.

'மொத்தமாக வாங்கு, மலிவு' என்பார்கள். உண்மைதான். ஒரே நாளில் வாங்க ஒரே நாளில் பணம் வேண்டும், வாங்கியதை வைக்க எடம் வேண்டும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடி என்று கூவுகிறார்கள். அதிகம் வாங்கினால் அதிகம் மிச்சமாம். வாங்க வழியில்லாதவனுக்கு மிச்சமும் கிடையாது!

அம்மாவும் சேர்த்தாள். அவள் பாஸ்புக் எங்கள் வீட்டுச் சுவர்தான். குடிசையாக இருந்ததைச் செங்கல் செங்கலாக வாங்கிக் கட்டினாள். ஒருநாள் காலையில் புல்டோசர் வந்தது. மத்தியானத்துக்குள் பத்து வருஷச் சேமிப்பு மண்ணாகிவிட்டது. 2000இலிருந்து இப்படித்தான் ஆற்றங்கரைச் சனங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்ப் போட்டார்கள். வேலை மயிலாப்பூரிலும் அடையாறிலும். வீடு அங்கே. நடுவில் பஸ் சார்ஜ்.

2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசமானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா கையில் நின்ற காசு அந்த டிக்கெட் காசுதான். எந்தச் சிக்கனப் பாடமும் அதைத் தரவில்லை. அதை 'ஓசி' என்று கேலி பேசுகிறவர்கள், எங்களிடமிருந்து இடித்துக்கொண்டு போன சுவருக்கு விலை போட்டுப் பார்க்கட்டும்.

2024 ஆகஸ்டில், அதே மயிலாப்பூர் ஃபண்டின் நிர்வாக இயக்குநர் கைதானார். டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்று புகார். பென்ஷன் பணத்தைப் போட்டுவிட்டுத் தவித்த வயசானவர்களை நினைத்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அய்யோ பாவம், அவங்க காசுக்கும் நிக்க எடமில்லாமப் பூட்ச்சா?" என்றாள்.

அவர்களை யாரும் ஊதாரிகள் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. திருடியவன் யார் என்றுதான் கேட்டார்கள். எங்கள் காசு தொலையும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள் என்கிறோம். வயிறு நிறைகிற கூலி, இடிக்கப்படாத வீடு, தண்டல் இல்லாத முதல். இந்த மூன்றும் கைக்கு வரட்டும், அப்புறம் சிக்கனம் பேசலாம். நூறு நாள் கணக்கைத் தப்பாமல் கட்டத் தெரிந்த எங்களுக்கு அந்தப் பாடம் தேவைப்படாது.