தளவிளைவின் சான்று: கே. எஸ். கிருஷ்ணனும் மூலக்கூற்று ஆற்றல் இடமாற்ற ஆய்வின் முன்வரலாறும்

முன்னுரை

இராமன் விளைவின் வரலாற்றில் கே. எஸ். கிருஷ்ணன் (1898–1961) பெரும்பாலும் உடனாய்வாளராகவே குறிக்கப்பெறுகிறார். அவரது ஊரான வத்திராயிருப்பு, 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது; 1985இல் விருதுநகர் மாவட்டத்திற்கு மாறியது. மூலக்கூறுகளிடையே ஒளியாற்றல் இடம்பெயர்தலை ஆராயும் இன்றைய துறையின் முன்வரலாற்றில் அவருக்குரிய இடத்தை இக்கட்டுரை வரையறுக்க முயல்கிறது.

ஆந்த்ரசீன் ஆவியும் தூய நீர்மங்களும்

1928 பிப்ரவரித் தொடக்கத்தில், கொல்கத்தாவில் கிருஷ்ணன் முதலில் ஆராய்ந்தது ஆந்த்ரசீன் ஆவியை. அது வலுவாக உடனொளிர்ந்தது. எனினும் அவ்வொளியில் தளவிளைவு காணப்படவில்லை என்பதை அவரது நாட்குறிப்பு காட்டுகிறது. பிப்ரவரி 7இல் தூய நீர்மங்களிலிருந்து வந்த ஒளியோ வலுவான தளவிளைவு உடையதாக இருந்தது. உடனொளிர்வில் மூலக்கூறு ஒளியை உட்கவர்ந்து, சற்றுத் தாழ்த்தி உமிழ்கிறது. அதற்குள் அது சுழன்றுவிட்டால் தளவிளைவு குன்றும். சிதறலில் அத்தகைய தாழ்வு இல்லை. எனவே, 1923 முதல் வலுக்குன்றிய உடனொளிர்வு எனக் கருதப்பட்டது வேறொரு நிகழ்வு என்பதற்குத் தளவிளைவே வலுவான சான்றாயிற்று.

ஆந்த்ரசீன் படிகம்

ஆந்த்ரசீன் படிகத்தில் நாஃப்தசீன் மிகச் சிறிதளவு கலந்தாலும் நீல ஒளி தணிந்து பச்சை ஒளி மேலோங்கும். கதிரைப் பெரிதும் உட்கவர்வது ஆந்த்ரசீன், உமிழ்வது நாஃப்தசீன். 1930களில் கிருஷ்ணன், பி. கே. சேஷனுடன் இணைந்து, இத்திண்மக் கரைசலின் தளவிளைவை ஆராய்ந்தார். எனினும் ஆற்றல் இடமாற்றக் கோட்பாட்டை வகுத்தவர் அவரல்லர். இடமாற்ற வீதம் தொலைவின் ஆறாம் படிக்கு எதிர்விகிதத்தில் அமைவதை விளக்கிய ஃபோர்ஸ்டரின் கட்டுரை 1948இல் வெளிவந்தது.

கிளைமூலக்கூறுகள்

டென்ட்ரிமர் எனப்படும் கிளைமூலக்கூறுகளின் புறக்கிளைகளில் பொருத்தப்பட்ட சாயங்கள் ஒளியைக் கவர்ந்து மையத்திலுள்ள வேறொரு சாயத்திற்கு அளிக்கின்றன. அங்கு ஒளியின் நிறமாற்றமே இடமாற்றத்தைக் காட்டும். ஒரே வகைச் சாயங்களுக்கிடையே ஆற்றல் தாவும்போது நிறம் மாறாது. தளவிளைவின் சிதைவே அதனை வெளிப்படுத்தும். பெம்ட்டோநொடி லேசர் துடிப்புகள் அச்சிதைவைக் காலவரிசையில் அளக்க உதவுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலுள்ள தேசிய அதிவேக நிகழ்வுகள் மையம் இத்தகைய குறுநேர நிகழ்வுகளை ஆராய அமைந்ததே.

முடிவுரை

1928க்கும் இன்றைய ஆய்வுக்கும் இடையே நேரடி மரபுத் தொடர்ச்சி உண்டெனக் கூறுவது மிகையாகும். எனினும் நிறம் சொல்லாததைத் தளவிளைவு சொல்லும் என்னும் ஆய்வுமுறை இரண்டிற்கும் பொது. ஆகவே, கிருஷ்ணனை இராமன் விளைவின் உடனாய்வாளர் என்பதோடு நிறுத்தாது, உடனொளிர்வு ஆய்வின் முன்னோடியருள் ஒருவராகவும் கொள்வதே வரலாற்றிற்குப் பொருந்துவதாகும்.