கடின ஆனோடாக்கம்

கடின ஆனோடாக்கம் என்பது, அலுமினியப் பொருளை நேர்மின்வாயாக்கி, 0 பாகை செல்சியசை ஒட்டிக் குளிரூட்டிய கந்தக அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, அதன் மேற்பரப்பையே தேய்மானம் தாங்கும் ஆக்சைடாக மாற்றும் மின்வேதி முறையாகும். உலோகத்திலிருந்தே வளரும் இப்படலம் ஏறக்குறையப் பாதி உள்நோக்கியும் பாதி வெளிநோக்கியும் அமைவதால், 50 மைக்ரான் படலம் ஏறும் தண்டின் விட்டம் சுமார் 50 மைக்ரான் கூடுகிறது. கடைசல் வேலையிலேயே இந்த அளவைக் கழித்துவிட வேண்டும். கூரிய விளிம்புகளில் படலம் விரிசலுறும் என்பதால் அவை முன்னதாக மழுக்கப்படுகின்றன. தேய்மானத் தடுப்பே நோக்கமெனில், படலத்தின் நுண்துளைகளை வெந்நீரில் அடைக்காமல் விடுவதே நன்று. அடைத்தால் கடினம் குறையும். 1923இல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் கடல் விமானப் பாகங்களுக்கென உருவாக்கிய குரோமிக் அமில முறை இதன் முன்னோடியாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்த் தொழிற்பகுதியில் உருவாகும் வாகன உறுப்புகளுக்கும் சமையற்கலன்களுக்கும் கடின ஆனோடாக்கம் பெரிதும் பொருந்தும். கருஞ்சாம்பல் நிறத் தவாவில் கரண்டி உரசியும் எளிதில் கீறல் விழாதிருப்பது இப்படலத்தால்தான்.