ஒரே கிறிஸ்துமஸ், மூன்று தேதிகள்

டிசம்பர் பிறந்தாலே முகநூலில் ஒரு சண்டை தொடங்கிவிடுகிறது. எந்தப் பண்டிகையின் தேதி சரி, எவருடையது தவறு என்று. வரலாறு பாடம் நடத்தியவன் என்பதால் ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது. சற்று நீளம், பொறுத்தருள்க.

இயேசு பிறந்த இடமென்று நம்பப்படும் பெத்லகேம் ஆலயத்திலேயே கிறிஸ்துமஸ் மூன்று முறை வரும். கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 25. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு ஜனவரி 7. ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 19.

இவர்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? பெரும்பாலும் கணக்குதான் காரணம். ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் கொண்டுவந்த நாட்காட்டியில் ஆண்டுக்கு 365¼ நாள். உண்மையான சூரிய ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம்தானே என்று விட முடியாது. 128 ஆண்டில் அது ஒரு நாளாகிவிடும்.

1582இல் போப் 13ஆம் கிரிகோரி 10 நாட்களை நீக்கிக் கணக்கை நேர்செய்தார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15! போப் சொன்னதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று இருந்த இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. ரஷ்ய அரசு 1918இல் மாறியது. ரஷ்யத் திருச்சபை இன்றும் மாறவில்லை. இப்போது வித்தியாசம் 13 நாள். பழைய கணக்கின் டிசம்பர் 25தான் நம் ஜனவரி 7. ஆர்மீனியர்கள் இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6இல் கொண்டாடுபவர்கள். பெத்லகேமில் பழைய கணக்கைப் பின்பற்றுவதால் அது 19 ஆகிறது.

நம் பொங்கலையே பாருங்கள். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். நாமோ உத்தராயணத் தொடக்கத்தை ஜனவரி நடுவில் கொண்டாடுகிறோம். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணிப்பது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஈரானியரின் யல்தா மட்டும் ஆண்டின் அந்த மிக நீண்ட இரவிலேயே நிற்கிறது. மாதுளையும் தர்பூசணியும் வைத்து விடிய விடிய விழித்திருப்பார்கள். யல்தா என்பது சிரியாக் மொழிச் சொல். பொருள், பிறப்பு.

கணக்கில் தொடங்கியது கணக்கோடு நிற்பதில்லை என்பதுதான் வருத்தம். 2023இல் உக்ரைன் அரசு, போருக்கு நடுவே, கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிச் சட்டம் போட்டது. ரஷ்ய வழக்கத்திலிருந்து விலகுவதே நோக்கம். எந்தத் தேதியில் விழா எடுக்கிறாய் என்பது, நீ எந்தப் பக்கம் என்ற கேள்வியாகிவிட்டது.

இன்னொன்று. பழைய கணக்கில் 2100 லீப் ஆண்டு, புதியதில் இல்லை. எனவே 2101 முதல் அந்த ஜனவரி 7 கிறிஸ்துமஸ் ஜனவரி 8 ஆகிவிடும். தேதிக்காகச் சண்டை போடுபவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அனைவருக்கும் பண்டிகை வாழ்த்துகள், உங்கள் வீட்டில் என்று வருகிறதோ அன்றைக்கு.