கட்டணம் நீங்கிய கல்வி

இலங்கையில் 1945ஆம் ஆண்டுக்கு முன்னர் கல்விக்குப் பணம் வேண்டுமோ என்னும் வினாவிற்கு இரு விடைகள் இருந்தன. சிங்களம், தமிழ் என்னும் சுயபாஷைகளிற் கற்பித்த பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் உண்டு. இலிகிதராகவோ வைத்தியராகவோ நியாயதுரந்தரராகவோ வர விரும்புவோன் இரண்டாவது வாயிலாலேயே உட்புகல் வேண்டும். கமக்காரன் மகன் எத்துணைக் கூர்த்த மதியினனாயினும், தந்தையின் மடிச்சீலையே அவன் கல்விக்கு எல்லை வகுத்தது.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1884இல் அம்பலாங்கொடைப் பகுதியிற் பிறந்த அவர், தாமும் புலமைப் பரிசில் பெற்றே காலி ரிச்மண்ட் கல்லூரியிற் கற்றவர். 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக விளங்கினார். அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்பித்தல் வேண்டும் என்றது. 1944இல் அரசாங்க சபையில் விவாதம் நடந்தது. 1945 ஒக்டோபர் 1ஆந் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது.

எதிர்த்தோர் யாவரும் ஏழைகளின் பகைவர் என்று கொள்ளுதல் பிழை. உதவி பெறும் பாடசாலைகளை நடத்திய சமய நிறுவனங்கள், அரசாங்கப் பணத்தின் பின்னே அரசாங்க ஆணையும் வரும் என அஞ்சின. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமானமையை நோக்கின், அவ்வச்சம் வெறுங் கற்பனையன்று என்பது புலனாகும்.

கட்டணத்தை நீக்கியதினும் கன்னங்கராவின் நுண்ணறிவைக் காட்டுவது மத்திய கல்லூரித் திட்டமே. நகரத்துக் கல்லூரி கட்டணத்தை விட்டாலும் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனியே. ஆதலின் கிராமப் பகுதிகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்த பிள்ளைகளுக்கு விடுதியும் உணவும் வழங்கப்பட்டன. வறிய வீட்டிலே பிள்ளைக்குப் படிக்க விருப்பமில்லாமல் இல்லை. இருந்து படிக்க ஓரிடமில்லை, விளக்குக்கு எண்ணெயில்லை, மாலையிற் கன்றை அவிழ்த்துக் கட்ட வேறு ஆளில்லை. விடுதி இவற்றையெல்லாம் ஒருங்கே தீர்த்தது. ஆனால் வீட்டிலிருந்து கற்ற பிள்ளைக்குப் புத்தகச் செலவு தொடர்ந்தது. பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தது 1980இலேதான். சீருடைத் துணி 1993இல்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் கதை வேறு. பிள்ளைகளுக்குக் கல்வியளித்தல் தோட்ட நிர்வாகத்தின் கடன் என 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அக்கடன் பெரும்பாலும் ஒரே ஆசிரியரோடும் கீழ்வகுப்புகளோடும் நின்றது. மேலே கற்க வழியில்லாதவிடத்துக் கட்டணம் நீங்கியதால் வந்த பயன் யாது? தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேயாம். இலவசக் கல்வி பிறந்த ஆண்டில் 5 வயதினனாயிருந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பொழுது வயது 37.