பாபநாசம் முதல் கங்கைகொண்டான் வரை

தாமிரபரணிக் கரையில் ஆற்றலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் விசையை நம்பித்தான் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை கட்டினார்கள். 1944இல் அதே மலையடிவாரத்தில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் கயத்தாற்றுப் பொட்டலில் காற்றாலைகள் எழுந்தன. தண்ணீரும் காற்றும் இங்கேயே இருந்தவை. தொடக்க கால எந்திரங்கள் கடல் தாண்டி வந்தவை, அவற்றை மேம்படுத்தும் வித்தையும் பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிட்டது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவர் குழுமத்தின் டிபி சோலார் ஆலை 2025 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டபோது இந்த வரிசையில் ஒரு மாறுதல் வந்தது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் திறனுள்ள சூரிய மின்கலங்களையும் தகடுகளையும் செய்யும் ஆலை அது; வேலை பார்ப்போரில் பெரும்பாலோர் பெண்கள். வெயிலை வாங்கும் பொருளே இப்போது இங்கே உருவாகிறது. ஆனால் சிலிக்கான் மின்கலத்தின் செய்முறை பிற நாடுகளில் பல பத்தாண்டுகளில் முதிர்ந்து வந்தது. அதில் நாம் திருத்துவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

பெரோவ்ஸ்கைட் அப்படியல்ல. 1839இல் யூரல் மலையில் அடையாளம் காணப்பட்ட ஒரு கனிமத்தின் பெயர் அது. அதே படிக அமைப்புள்ள ஈய உப்பைக் கொண்டு ஜப்பானில் மியாசாகா குழு 2009இல் செய்த மின்கலம் ஒளியை மின்சாரமாக்கும் திறன் வெறும் 3.8 விழுக்காடு. உள்ளே இருந்த திரவமே பொருளைக் கரைத்துவிட்டது. 2012இல் திரவத்துக்குப் பதில் திண்மப் பொருளை வைத்ததும் திறன் 10 விழுக்காட்டை எட்டியது. 2014இல் கொரியாவின் சியோக் குழு, சுழலும் கண்ணாடியில் கரைசல் உலர்ந்துகொண்டிருக்கும்போதே டொலுவீனைச் சொட்டவிட்டது. படிகங்கள் ஒரே சீராக எழும்பின. திறன் 16 விழுக்காட்டைத் தாண்டியது. இன்று ஆய்வகக் கலங்கள் 26 விழுக்காட்டுக்கு மேல் தருகின்றன. இடையில் பொருளின் கலவையும் மாறியது உண்மை, ஆனாலும் இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி உலர்த்தும் பக்குவத்தில் கிடைத்தது என்பதே என் வாதம். சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி வேண்டும். இந்தப் படலத்துக்கு 100 டிகிரியை ஒட்டிய சூடு போதும். இனித் தீர வேண்டிய சிக்கல், விரல்நகம் அளவுக் கலத்தில் வந்த பக்குவத்தை மீட்டர் அகலத் தகட்டில் வரவழைப்பது. அது ஆய்வகக் கதவுக்குள் முடிகிற வேலையல்ல.

சிலிக்கான் ஆலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சிலிக்கான் கலத்தின் மேலேயே பெரோவ்ஸ்கைட் படலத்தைப் பூசி, ஒளியை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை அடுக்குக் கலத்தில்தான் சீனாவின் லோஞ்சி நிறுவனம் 2024இல் 34.6 விழுக்காட்டைத் தொட்டது. அடிக்கலம் எங்கே செய்யப்படுகிறதோ அங்கேதான் மேல்பூச்சைச் சோதிப்பது எளிது. ஈயம் நஞ்சாயிற்றே என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆலை மாசுக்கு எதிரான போராட்டத்தில் 2018இல் தூத்துக்குடி பட்ட பாட்டைப் பார்த்த மக்களிடம் அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. சதுர மீட்டருக்கு ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு என்பது ஆறுதல்தான். கல்லீரலைக் கெடுக்கும் டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற கரைப்பான்களே எனக்குப் பெரிய கவலை. பூச்சு அறையில் நிற்பவரின் மூச்சில் முதலில் கலப்பவை அவைதான். கரைப்பானே இல்லாமல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் முறையும் இருக்கிறது, செலவு கூடுதல். புள்ளிமான் சரணாலயத்துக்கு அருகிலேயே ஆலையை வைத்திருக்கும் ஊருக்கு அந்தச் செலவு நியாயமானதே.

ஆயுள் பற்றிய ஐயத்துக்கு மட்டும் வாதத்தால் பதில் சொல்ல முடியாது. சிலிக்கான் தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள்; பெரோவ்ஸ்கைட் ஈரத்துக்கும் சூட்டுக்கும் அஞ்சும் பொருள். 85 டிகிரி சூட்டில், 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது உலக வழக்கம். அதோடு சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் தூத்துக்குடி உப்புக்காற்றும் மாறி மாறிப் படும் திறந்தவெளிச் சோதனைக் களமும் வேண்டும். கயத்தாற்றில் டென்மார்க் உதவியோடு காற்றாலைகளுக்கு அப்படியொரு சோதனை நிலையம் முன்பே அமைந்தது. கங்கைகொண்டானிலிருந்து அது வடக்கே மதுரைச் சாலையில்தான் இருக்கிறது.